ஒன்பது புள்ளி நாலு

பவளக்கொடிக்கு மூச்சு நின்றுகொண்டிருந்தது. ஜெசிந்தாவின் கையிலிருந்த திரையோ, அவள் வலியில் துடித்துக்கொண்டிருக்கிறாள் என்றது.

காலை பத்தே முக்கால். நீலக்கொம்பு எஸ்டேட், ஏழாம் நம்பர் காடு. முதல் எடைக்கு விசில் ஊதி, பெண்கள் கொழுந்து மூட்டையோடு பாதைக்கு இறங்கிக்கொண்டிருந்தார்கள். பவளக்கொடி மட்டும் மின்கத்திரியை ஓரமாக வைத்துவிட்டுப் பாறையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அசந்து தூங்குகிறாள் என்றுதான் நினைத்தார்கள். எழுப்பப் போன ராக்கம்மாள் போட்ட சத்தத்தில், வாராந்திரச் சோதனைக்காக எடைக் கொட்டகையில் காத்திருந்த ஜெசிந்தா பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள்.

உதடு நீலம் பாரித்திருந்தது. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி கடுகளவுக்குச் சுருங்கிக் கிடந்தது. நெஞ்சில் கையை வைத்து எண்ணினாள். ஒரு நிமிடத்துக்கு ஐந்து மூச்சு. அதற்குமேல் எண்ண அவளுக்குப் பொறுமையில்லை.

"அத்தே! பவளத்தே! மூச்ச இழு! கேக்குதா, இழு!"

பையிலிருந்து, மார்பின் வகை மருந்தை முறிக்கும் நலாக்சோன் ஸ்ப்ரேயை எடுத்து மூக்கில் அடித்தாள். ஒன்று, இரண்டு என்று முப்பதுவரை போயிருக்கும். தண்ணீருக்குள்ளிருந்து தலையைத் தூக்கியவள்போல பவளக்கொடி ஒரு இழுப்பு இழுத்தாள். சுற்றி நின்றவர்களுக்கும் அப்போதுதான் மூச்சு வந்தது.

சூப்பர்வைசர் தேவசகாயம் தொப்பியைக் கழற்றி வியர்வையைத் துடைத்தார். "அப்பாடா! கண்ணத் தொறந்துட்டா. சரி சரி, எல்லாரும் எடைக்குப் போங்க. வேடிக்கை என்ன வேண்டிக் கெடக்கு?"

"யாரும் போகக் கூடாது" என்றாள் ஜெசிந்தா.

"ஏன் பாப்பா, அதான் மருந்து அடிச்சாச்சுல்ல?"

"அண்ணாச்சி, இது அரை மணி நேரம் தாங்கினாப் பெரிசு. அவங்க கையில இருக்கிற அரிசி இன்னும் நாலு மாசத்துக்கு மருந்து விடும். இப்பக் குழாயத் தொறந்துவிட்ட மாதிரிக் கொட்டிக்கிட்டிருக்கு. நான் சொம்புல மொண்டு வெளிய ஊத்திக்கிட்டிருக்கேன். என்கிட்ட இன்னும் ஒரே ஒரு சொம்புதான் இருக்கு. குழாய மூடியாகணும்."

"மூடு. யாரு வேண்டாங்கிறா?"

"மூடுற பொத்தான் காப்புல இருக்கு." பவளக்கொடியின் மழைக்கோட்டுக் கையைத் தூக்கிக் காட்டினாள். மணிக்கட்டு வெறுமையாக இருந்தது. "காப்பு எங்க?"

ஒருத்தி மூட்டையைத் தலையில் ஏற்றிக்கொண்டு நகரப் பார்த்தாள்.

அரிசி என்று பெயர் வைத்தது இந்தப் பெண்கள்தான். கம்பெனிக்காரன் வைத்த பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. அரிசிமணி அளவில் ஒரு குப்பி. மேல்கைத் தோலுக்கடியில் வைத்து ஒரு தையல் போட்டால் முடிந்தது. மார்பின் இனத்து மருந்து, ஆறு மாதத்துக்குச் சொட்டுச் சொட்டாக இறங்கும். எவ்வளவு இறங்க வேண்டும் என்பதை மணிக்கட்டிலிருக்கும் காப்பு முடிவுசெய்யும். வியர்வை, நாடி, தசையின் நடுக்கம் எல்லாவற்றையும் படித்து, வலிக்குச் சைபரிலிருந்து பத்துக்குள் ஓர் எண் போட்டு, மலை உச்சிக் கோபுரம் வழியாக அரிசிக்குச் சொல்லும். மாத்திரையை மறப்பது கிடையாது, பாதியாக உடைத்துப் பக்கத்து வீட்டுக்காரிக்குக் கொடுப்பது கிடையாது, போதைக்குத் திருடுவது கிடையாது. ஏழைகளை நம்பாமலே ஏழைகளுக்கு வைத்தியம் பார்க்கிற வித்தை. இந்தக் கடைசி வாக்கியம் திட்ட அறிக்கையில் இல்லை. ஜெசிந்தா அதைப் படித்த அன்றே பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தது.

மின்கத்திரி வந்தபின் இந்த மலையில் தோள் நல்லபடியாக இருக்கிற பெண் கிடையாது. எட்டு மணி நேரம் நடுங்குகிற இயந்திரத்தைப் பிடித்துவிட்டு, முதுகெலும்பு தேய்ந்த உடம்போடு ஐம்பது கிலோ மூட்டை தூக்க வேண்டும். நீலக்கொம்புக்கு நாற்பது அரிசி ஒதுக்கினார்கள். யாருக்கு என்று முடிவுசெய்ய வந்த வலி அளவை அலுவலர், இதே எஸ்டேட்டின் நாலாவது லைனில், தொழிலாளர் வீட்டு வரிசையில் பிறந்து, அந்த லைனிலேயே முதல் ஆளாகக் காலேஜ் படித்த மருந்தியல் பட்டதாரி ஜெசிந்தா.

"காப்பு எங்கன்னு கேட்டேன்."

ராக்கம்மாள்தான் வாயைத் திறந்தாள். "சொன்னா எங்க எல்லாத்துக்கும் நிறுத்திருவீங்க மேடம்." மேடத்தில் அழுத்தம் இருந்தது. அவள் இடுப்பில் ஒண்ணுக்குப் போய் வளர்ந்தவள் ஜெசிந்தா.

"சித்தி, இது வம்பு பண்ற நேரமா?"

"நிறுத்தலியா நீ? போன மாசம் பதினோரு பேருக்கு உன் கட்டைவிரலாலதான அமுக்குன? பாப்பாத்தி நாலு நாளு ராத்திரியும் பகலும் அழுதா. அவ வீட்டுப் பக்கம் தலை காட்டுனியா?"

காட்டவில்லை. மாதச் சராசரி நாலுக்குக் கீழே போனால் அவர் 'நிவாரணம் அடைந்தவர்', அவருடைய அரிசியை மூடிவிட வேண்டும் என்பது விதி. மருந்து நன்றாக வேலை செய்தது. எண் இறங்கியது. எண் இறங்கியதால் மருந்து நின்றது. மருந்து நின்றதும் வலி, விட்ட இடத்திலேயே வந்து உட்கார்ந்துகொண்டது. ஜெசிந்தா இதைப் பற்றி மேலே மூன்று கடிதம் எழுதியிருந்தாள். கடிதம் எழுதிக்கொண்டே கட்டைவிரலையும் வைத்துக்கொண்டிருந்தாள்.

பவளக்கொடியின் தலை மறுபடி சரிந்தது. மூச்சு எட்டு. ஏழு.

"இங்க பாருங்க. ஒருத்தருக்கும் நிறுத்த மாட்டேன். என் வேலை போனாலும் சரி, நிறுத்த மாட்டேன். இப்பச் சொல்லலேன்னா அத்தை செத்துரும்."

ராக்கம்மாள் ஒரு கணம் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு மடமடவென்று கொட்டினாள். "வேலை நேரத்துல ஒரு மணி நேரம் வேற ஆளு கையில போடுவோம். அரிசி கெடைக்காத ஆளா, லேசா வலிக்கிற ஆளாப் பாத்து. பத்து எண்றதுக்குள்ள கைமாத்திட்டா அது கத்தாது. சராசரி நாலுக்கு மேல நின்னுக்கும். கொழுந்து போடுற மாதிரிதான்டி, வேற என்ன?"

கொழுந்து போடுவது ஜெசிந்தாவுக்குத் தெரியும். முழுகாமல் இருக்கிறவளுக்கு, காய்ச்சலோடு வந்தவளுக்கு அன்றைய எடை தேறாது. நிரையில் பக்கத்தில் நிற்கிறவர்கள் போகிற போக்கில் ஆளுக்கொரு கை கொழுந்தை அவள் சாக்கில் போட்டுவிட்டுப் போவார்கள். யாரும் கேட்பதில்லை, யாரும் நன்றி சொல்வதில்லை. தேவசகாயம் அந்த நேரம் பார்த்து மலைமுகட்டில் மேகம் பார்ப்பார். நூறு வருடமாக ஒரு தராசை ஏமாற்றிப் பிழைத்தவர்கள், புதிதாக வந்த தராசையும் அப்படியே ஏமாற்றியிருக்கிறார்கள். இந்தத் தராசு எடை பார்ப்பதோடு நிற்காது, பார்த்த எடைக்கு ஏற்ப இன்னொரு உடம்பில் மருந்தையும் ஊற்றும் என்பதை மட்டும் யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டியவள் ஜெசிந்தா. பயிற்சி நாளன்று அரை மணி நேரத்தில் முடிக்கச் சொன்னார்கள். அவளும் முடித்தாள்.

"இப்ப யாரு கையில இருக்கு?"

"எப்பவும் மூக்கம்மா கையில போடுவோம். அவ மகளுக்கு வளைகாப்புன்னு லீவு. இன்னிக்கு யாருக்குப் போட்டான்னு பவளத்துக்குத்தான் தெரியும்."

பவளக்கொடியின் உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். *பவளக்கொடி. வலி 9.4. அளவு: முழுத் திறப்பு. ஒரு மணி நேரமாக.*

ஒன்பது புள்ளி நாலு. வேறு ஊர்களையும் சேர்த்து, மூன்று வருட வேலையில் அவள் கண்ட ஆகப் பெரிய எண் எட்டு புள்ளி ஒன்று; எலும்பில் புற்றுநோய் பரவிய ஒரு கிழவருடையது, அதுவும் படுக்கையில். இந்தக் காட்டில் யாரோ ஒருத்தி ஒன்பது புள்ளி நாலோடு நின்று கத்திரி பிடித்துக்கொண்டிருக்கிறாள்.

"எல்லாரும் கைய நீட்டுங்க! கோட்டுக் கைய மேல தூக்குங்க!"

முப்பத்து மூன்று பெண்கள் மழைக்கோட்டுக் கைகளை முழங்கைக்கு ஏற்றி, பள்ளிக்கூடத்தில் நகம் காட்டுவதுபோல நீட்டினார்கள். தழும்பு, அட்டைக் கடி, ரப்பர் வளையல், சொந்தக் காப்பு. பவளக்கொடியின் எண் போட்ட காப்பு இல்லை.

"இன்னும் யாரு இறங்கல?"

"உங்கம்மாதான்" என்றாள் ராக்கம்மாள். "அவகிட்ட இருக்காது. அவளுக்கு ஏது வலி? இரும்பு. லேசா வலிக்கிற ஆளுன்னாக்கூட அவ கணக்குல வரமாட்டா."

மேட்டில் அருளாயி வந்துகொண்டிருந்தாள். தலையில் மூட்டை, ஒரு கையில் கத்திரி. என்ன நடந்ததென்று தெரியாமல் எப்போதும்போல அளந்து வைத்த நடை. இந்த நடையைப் பார்த்துத்தான் ஜெசிந்தா வளர்ந்தாள். அம்மாவுக்கு அதுதான் நடை என்று நினைத்திருந்தாள். வலிக்காமல் நடக்க ஒரே ஒரு வழி மிச்சமிருக்கிறவள் அப்படி நடப்பாள் என்று இப்போது, மூன்று வருடம் சம்பளத்துக்கு வலி அளந்த கண்ணுக்குப் பட்டது.

"அம்மா! கைய!"

அருளாயி பாறையோரம் கிடந்தவளைப் பார்த்தாள். மூட்டையை அப்படியே கீழே போட்டாள். கொழுந்து சிதறியது. அவள் மூட்டையைக் கீழே போட்டு அந்த மலையில் யாரும் பார்த்ததில்லை. கோட்டுக் கையை ஏற்றி நீட்டினாள். காப்பு சிவப்பாக மினுங்கிக்கொண்டிருந்தது.

ஜெசிந்தா கட்டைவிரலை வைத்து அழுத்தினாள். ஐந்து நொடி. *மூடப்பட்டது* என்றது திரை. இரண்டாவது ஸ்ப்ரேயை அடித்தாள். பிறகு பவளக்கொடியை ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஆம்புலன்ஸ் மேலே வருகிற முக்கால் மணி நேரமும் ஒவ்வொரு மூச்சையும் வாய்விட்டு எண்ணினாள். முப்பத்து நாலு பெண்களும் கூடவே எண்ணினார்கள். பதினொன்று வந்தபோது தேவசகாயமும் சேர்ந்துகொண்டார்.

அந்த நேரம் முழுக்க அம்மாவை அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

ஆம்புலன்ஸ் இறங்கிய பத்தாவது நிமிடம் கோயம்புத்தூரிலிருந்து திட்ட ஒருங்கிணைப்பாளர் டாக்டர் ஹரிகிருஷ்ணன் கூப்பிட்டார். கெட்ட மனிதர் இல்லை. ஒரு கெட்ட விதியைக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றுகிற நல்ல மனிதர்.

"பேஷன்ட் ஸ்டேபிள்னு சொன்னாங்க. குட் ஜாப் ஜெசிந்தா. நாளைக்குள்ள சம்பவ அறிக்கை அனுப்பிடுங்க. 'பயனர் முறைகேடு'ன்னு ஒரு கட்டம் இருக்கும் பாருங்க, அதை டிக் பண்ணிருங்க."

"பண்ணா என்ன ஆகும் சார்?"

"எஸ்டேட்டுக்குத் திட்டத்தை நிறுத்தி வைப்போம். வேற வழியில்ல. ஓபியாய்டும்மா இது. கை மாத்தி விளையாடுறதுக்குச் சோப்பா, பவுடரா?"

"விளையாடல சார். நீங்க வலி குறைஞ்சா மருந்த நிறுத்துறீங்க. அதனால வலியக் கடன் வாங்கியிருக்காங்க."

"அது புரோட்டோகால்."

"உங்களுக்குக் கண்ணாடி இருக்குல்ல சார்? போட்டா எழுத்து தெரியுதா?"

"தெரியுது. என்ன இப்ப?"

"அதான் நல்லாத் தெரியுதேன்னு கண்ணாடியப் புடுங்கிக்கிட்டா எப்படி இருக்கும்?"

மறுமுனையில் காகிதம் புரண்டது. "நீங்க நல்லாப் பேசுறீங்க. ஆனா டேட்டா இல்லாம நான் மேல பேச முடியாது. ஒதுக்குன நாற்பதே போதும்னு நீங்கதான கணக்கெடுப்பு அனுப்புனீங்க? முன்னூறு பேரை வாய்மொழியாக் கேட்டு, நாலுக்கு மேல சொன்னவங்களுக்கு மட்டும் காப்பு போட்டு. மத்தவங்க எல்லாம் ஒண்ணு, ரெண்டு, மூணு. உங்க கையெழுத்து."

"ஆமா சார். அதான் சார் தப்பு. நாளைக்குக் காலையில டேட்டா வரும்."

பையில் பன்னிரண்டு உபரிக் காப்பு இருந்தது. இரண்டாவது எடைக்குப் பெண்கள் வரிசையில் நின்றார்கள். ஜெசிந்தா தராசுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தாள். அரிசி கிடைக்காதவர்களையும் மூடப்பட்டவர்களையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, ஒரு கேள்வியும் கேட்காமல், கையைப் பிடித்துக் காப்பை மாட்டினாள்.

"பத்துக்கு எத்தனைன்னு கேக்கலியா பாப்பா?" என்றாள் ஒருத்தி.

"கேட்டா மார்க்கு போடுற மாதிரி சொல்லுவீங்க. வேணாம்."

"சொன்னா வேலைக்கு ஆகாதவள்னு பேரு வரும்ல? ஆகாதவளுக்குக் கத்திரி குடுப்பாங்களா? வரப்பு சுத்தம் பண்ணு, புல்லு வெட்டுன்னுட்டு அரைச் சம்பளம். வலிக்குதுன்னு சொல்ல எங்களுக்கு என்ன பைத்தியமா?"

தேவசகாயம் மலைமுகட்டைப் பார்த்தார். மேகம் எதுவும் இல்லை.

ஆறு புள்ளி எட்டு. ஏழு புள்ளி ரெண்டு. ஆறு. எட்டு. மூன்று பேரில் ஒருவர் அரிசி மூடப்பட்டவர். அவர்களுடையது எல்லாமே ஏழுக்கு மேல். இருபத்தாறு பேரை அளந்தாள். ஆறுக்குக் கீழே ஒருத்திகூட இல்லை. கடைசியாக நின்றது அருளாயி.

"எனக்கு எதுக்கு? காலையிலதான் பாத்தாச்சே."

"உக்காரு."

"மூட்டையக் கொட்டிட்டேன். நாலு கிலோ போச்சு."

"உக்காரும்மா!"

அருளாயி உட்கார்ந்தாள். உட்காருவதற்கு அவள் எடுத்துக்கொண்ட நேரத்தை ஜெசிந்தா இந்தமுறை பார்த்தாள். முதலில் கை தொடையில், அப்புறம் பல்லைக் கடித்தல், அப்புறம் உடம்பு.

"ஆறு மாசம் முன்ன நம்ம வீட்டுல உன்கிட்டக் கேட்டேன்ல? பத்துக்கு எத்தனைம்மான்னு. நீ ரெண்டுன்ன. நான் எழுதிக்கிட்டேன்."

"ரெண்டுன்னு சொன்னா விட்டுருவேன்னு தெரியும்."

"ஏன்?"

"நீ என்ன சொன்ன? லைன்ல நின்னு எல்லாருக்கும் கேக்குற மாதிரிச் சொன்ன. 'எங்கம்மாவா இருந்தாலும் ஒரு புள்ளி கூட்டிப் போட மாட்டேன்'னு. பெருமையாத்தான் இருந்துச்சு எனக்கு. நாப்பதுதான் இருக்கு, அதுல ஒண்ணு எனக்கு வந்தா, பொண்ணு அம்மாவுக்குப் போட்டுக்கிட்டாம்பாளுக. சொந்த ஊருக்கு வேலைக்கு வந்த முத நாளே பேரு கெடணுமா?"

"உன்ன யாரும்மா என் பேரப் பாத்துக்கச் சொன்னா?" ஜெசிந்தாவின் குரல் உடைந்தது. உடைந்ததற்கும் சேர்த்து அவளுக்குக் கோபம் வந்தது. "இன்னிக்கு ஏன் அந்தக் காப்ப வாங்குன?"

"பவளந்தான் வந்து கேட்டா. 'அக்கா, உனக்குத்தான் ஒண்ணுமில்லியே, ஒரு மணி நேரம் வச்சுக்க, ஏறாது'ன்னா." அருளாயி தன் மணிக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நானும் ஏறாதுன்னுதான் நெனச்சேன் ஜெசி. இது எல்லாருக்கும் இருக்குறதுதானன்னு நெனச்சேன். இதுதான் ஒடம்புன்னு நெனச்சேன். ஒம்பதுன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஜெசிந்தா கைக்குப் பழகிப்போன வேகத்தில் காப்பை மாட்டினாள். எண் நின்றதும், அதைக் கூட்டாமல் குறைக்காமல் எழுதினாள்.

மறுநாள் காலை தாலுகா ஆஸ்பத்திரியில் பவளக்கொடி தலையணையில் சாய்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தாள். சரியான அளவு வைத்து அவளுடைய அரிசியை மறுபடி திறந்தாள் ஜெசிந்தா.

"எனக்கு உசுரு போகுற நேரத்துல ஒண்ணு தோணுச்சுடி. மருந்து ஏறிக்கிட்டே இருக்கு, ஏறிக்கிட்டே இருக்கு. அட, இவ்வளவு மருந்து வேணும்னா அந்தச் சிறுக்கி உள்ள என்ன வச்சிருக்கான்னு. அவ வலிக்கு நான் மருந்து குடிச்சிருக்கேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "போயி உங்கம்மாகிட்டச் சொல்லு. இனிமே அவ வலிக்கு அவளே குடிக்கட்டும். எனக்குத் தாங்கல."

ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்து ஜெசிந்தா அறிக்கையை முடித்தாள். 'காரணம்' என்ற இடத்தில் மூன்று கட்டம் இருந்தது: பயனர் முறைகேடு, கருவிப் பழுது, மற்றவை. மூன்றாவதில் டிக் போட்டு, கீழே தமிழில் எழுதினாள்:

*வலியைச் சொன்னால் வேலை போகும் இடத்தில், வலியை வாயால் சொல்லச் சொல்லி ஆள் எடுத்தோம். வலி குறைந்தால் மருந்து போகும் என்று விதி வைத்தோம். இரண்டுக்கும் நடுவில் இவர்கள் ஒருவருக்கொருவர் செய்துகொண்ட உதவி ஒரு உயிரைக் கொல்லப் பார்த்தது. இணைப்பில் இருபத்தாறு பேரின் அளவீடு. கேள்வி எதுவும் கேட்காமல் எடுத்தது. பதினோரு பேரின் அரிசியை இன்று மாலை திறக்கப்போகிறேன். மூடியதும் நான்தான்.*

ஹரிகிருஷ்ணனுக்கும், அவருக்கு மேலே இருந்த மருத்துவக் குழுவினர் ஆறு பேருக்கும் சேர்த்தே அனுப்பினாள். பதினைந்து நிமிடத்தில் போன் அடித்தது. குரலில் அதட்டல் இருந்தது. ஆனால் அளவீட்டைப் படித்துவிட்ட ஒருவரின் அதட்டல்.

"குழுவுக்கே அனுப்பிட்டீங்க. சரி, டேட்டா ஸ்ட்ராங்தான், நான் மறுக்கல. ஆனா ஒண்ணு யோசிச்சீங்களா? அவங்க முதல்ல எதைத் தோண்டுவாங்க தெரியுமா? அந்த ஒன்பது புள்ளி நாலு யாரு, ஆறு மாசம் முன்னாடி அவங்களுக்கு 'ரெண்டு'ன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட அலுவலர் யாருன்னு. அவங்க உங்கம்மான்னு எஸ்டேட்ல சொன்னாங்க. அது குழுவுக்கும் தெரிஞ்சா உங்க கதை என்ன ஆகும்?"

"தோண்ட வேண்டாம் சார்" என்றாள் ஜெசிந்தா. "முதல் பக்கத்தத் திருப்பிப் பாருங்க. இணைப்பு ஒண்ணு. நான் ரெண்டுன்னு எழுதிக் கையெழுத்துப் போட்ட எங்கம்மாவோட ஃபாரந்தான்."